நைலான் போட்ட மர வேஷம்

தோளில் அணைத்துப் பிடிக்கிற பாகத்தைத் தமிழில் 'துப்பாக்கிக் கட்டை' என்கிறோம். அது மரம்தான்னு பெயரே முடிவு கட்டிவிட்டது. 'மரம் அழகு, பிளாஸ்டிக் உறுதி' என்ற பழைய பட்டிமன்றமும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும் பொருளோடு நின்றுவிடுகிறது.

1959-ல் அமெரிக்காவின் ரெமிங்டன் கொண்டுவந்த நைலான் 66 ரைஃபிளைப் பாருங்கள். அப்போது அது டூபான்ட் கையில் இருந்த நிறுவனம். நைலானும் டூபான்ட் சரக்குதான். இதில் நைலான் வெறும் கட்டை மட்டுமல்ல. இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டிய அந்த உடலுக்குள்ளேயே போல்ட் ஓடுகிறது, எண்ணெய் போடாமலே. மரத்தால் இதைச் செய்யவே முடியாது. அதே வருஷம் டாம் ஃப்ரை இதே ரகத் துப்பாக்கியால், மேலே வீசிய 1,00,010 மரத்துண்டுகளைச் சுட்டார். தவறியது ஆறே ஆறு. (பாவம், அங்கேயும் அடி வாங்கியது மரம்தான்.)

இவ்வளவு புதுசான பொருளுக்கு வெளியே என்ன வேஷம்? வால்நட் மாதிரி பழுப்பு, அதில் ரேகை போன்ற கலவை, கையால் செதுக்கியது போன்ற கட்டங்கள், போதாததற்கு வெள்ளை வைர வடிவப் பதிப்பு. உள்ளே இருக்கிற துணிச்சல் வெளியே இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

சரி, மரத்தில் உண்மையான குறை என்ன? ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவு குழலை ஒரு பக்கமாக அழுத்தினால், சுடும்போது குழல் அதிரும் விதமே மாறும், குறி நகர்ந்துவிடும். வியட்நாமில் அமெரிக்க மரைன்களின் எம்40 ஸ்னைப்பர் ரைஃபிள்களுடைய வால்நட் கட்டைகள் ஈரப்பதத்தில் முறுக்கிக்கொண்டன. 1970-களில் வந்த எம்40ஏ1-க்கு மக்மிலன் ஃபைபர்கிளாஸ் கட்டை போட்டதற்கு அதுதான் காரணம்.

ஆனால் இதை வைத்து 'பிளாஸ்டிக் ஜெயித்தது'ன்னு சொல்வது அவசரம். ஃபைபர்கிளாஸ் வேறு, அச்சில் ஊற்றி எடுக்கிற மலிவான கட்டை வேறு. இரண்டாவதை பைபாட் மேல் வைத்து முன்பக்கம் பாரம் கொடுங்கள். வளைந்து போய்க் குழலைத் தொடும். எந்தக் குறைக்காக மரத்தைக் கைவிட்டார்களோ, அதே குறை! இன்னொரு பக்கம், மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யும் அடுக்குமரக் கட்டை அவ்வளவு லேசில் முறுக்காது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் மவுசர் 98கே-வில் அது ஏராளமாக இருந்தது. எடை கூடும், அவ்வளவுதான். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குழலுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, நிறமெல்லாம் அப்புறம்.

நைலான் 66 பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மரம் மாதிரி நடிக்காத பச்சை நிறத்தைச் சில வருஷத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பழுப்போ 1980-கள் வரை ஓடியது.