உள்ளங்கையில் ஒரு படுதா

பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது உப்பு வாடை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் பெரிய முதலியார்சாவடியில் பீரோவைத் திறந்தாலும் அதே வாடைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் கடல். இந்தக் காற்றுக்கு இரும்பும் தாங்காது, காகிதமும் தாங்காது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, நாலு அந்துருண்டை போட்டு அந்த டப்பாவுக்குள் நான் காப்பாற்றி வைத்திருப்பவை இருநூற்றுச் சொச்சம் பொங்கல் வாழ்த்து அட்டைகள். பாதிக்கு மேல் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கியவை. கடைக்காரர் முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத எடுத்துனு போய் இன்னா சார் பண்ணப் போறீங்க? பின்னாடியெல்லாம் கிறுக்கி வச்சிருக்காங்களே." கிறுக்கலுக்காகவும்தான் வாங்குகிறேன் என்று சொன்னால் விலையை ஏற்றிவிடுவார். சும்மா சிரித்து வைத்தேன்.

அவற்றில் எனக்குப் பிடித்த அட்டை உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மடிப்பு கிடையாது, தபால் கார்டு மாதிரி ஒற்றை அட்டை. நடுவில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, மண்பானை, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. பால் பொங்கி மூன்று இடத்தில் வழிகிறது. அடுப்படியில் வழிகிற பாலைப் போல அசடு வழியாமல், முத்துச் சரம் தொங்குவதுபோல மணி மணியாக இறங்குகிறது. இடப்பக்கம் பச்சைச் சேலையில் ஒரு பெண், கையில் அகப்பை. வலப்பக்கம் முண்டாசு கட்டிய உழவர், தோளில் கலப்பை. அவருக்குப் பின்னால் கொம்பில் நீலமும் சிவப்பும் பூசிய காளை. இரண்டு ஓரத்திலும் கரும்பு எழுந்து உச்சியில் தோகையால் சேர்ந்து வாசல் கட்டுகிறது. தூரத்தில் ஆறு, கரையில் ஒரு கோபுரம், அதற்கும் அப்பால் இரண்டு மலை, மலைகளின் நடுவே சூரியன்.

பலமுறை பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பால் பொங்குகிறது, ஆனால் பானையை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் நம்மைப் பார்க்கிறாள். உழவர் நம்மைப் பார்க்கிறார். காளைகூடக் கழுத்தைத் திருப்பி நம்மைத்தான் பார்க்கிறது. பால் பொங்கும் நேரத்தில் வாசலில் எமனே வந்து நின்றாலும் நம் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே எல்லாரும் முகம் காட்டி நிற்கிறார்கள் என்றால், நிற்குமிடம் வீட்டு வாசலாக இருக்க முடியாது. மேடை. இரண்டு ஓரத்துக் கரும்பும் பக்கத் தட்டி. ஆறும் கோபுரமும் மலையும் பின்னால் தொங்குகிற படுதா.

உவமைக்காகச் சொல்லவில்லை. தென்பாண்டிச் சீமையின் காலண்டர் ஓவியம் உண்மையிலேயே நாடகப் படுதாவிலிருந்து இறங்கி வந்ததுதான். சி. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதப் போனார். அந்தக் காலத்தில் படுதா 'வரைவது' என்று சொல்ல மாட்டார்கள், 'சீன் எழுதுவது' என்பார்கள். அரண்மனை, காடு, தெரு, கைலாசம் எல்லாம் துணியில் எழுந்து, கயிற்றை இழுத்தால் சுருண்டுகொள்ளும். ஊர் ஊராகப் போன கம்பெனி 1940களில் கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அங்கேயே தங்கிவிட்டார். கூட இருந்த இளைஞர்களும் தங்கினார்கள். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அப்படி உருவானதுதான். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் என்று அவரிடம் தொழில் கற்றவர்கள் ஒரு பரம்பரையாகவே வளர்ந்தார்கள். 1976இல் கொண்டையராஜு மறைந்தபோது அவர் படம் மாட்டாத பூஜை அறை தமிழ்நாட்டில் குறைவு. அவர் பெயர் தெரிந்த வீடு அதைவிடக் குறைவு.

காலண்டரிலாவது கையெழுத்து இருக்கும். குருவின் பெயரும் மாணவன் பெயரும் சேர்ந்தே இருக்கிற காலண்டர்கள் உண்டு. சில ஓவியர்களுக்கு வராத பெருந்தன்மை அது. வாழ்த்து அட்டைக்கு அந்த மரியாதை கிடையாது. என் டப்பாவில் இருப்பவற்றில் முக்கால்வாசிக்குப் பெயரே இல்லை. ஆனால் சாயலை மறைக்க முடியுமா? பாதி மூடிய கண் இமை, பவழம் போல் சின்ன வாய், எலும்பே இல்லாதது போன்ற விரல்கள் கோவில்பட்டி வழி. கன்னத்தில் வெளிச்சம் விழுந்து, சேலை மடிப்பு கனமாக, பெண் கொஞ்சம் சினிமாக்காரி போல நின்றால் அது சென்னை வழி. நாடக சீன், சினிமா பேனர், காலண்டர், பத்திரிகை அட்டைப்படம் என்று எல்லாவற்றிலும் கை வைத்த கே. மாதவனைப் பார்த்துப் பழகிய கை. இன்னார் வரைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இன்ன வாத்தியார் வழி என்று சொல்வேன்.

வரைந்த கைக்குப் பாதிப் புகழ் என்றால், மீதி அச்சடித்தவருக்கு. சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை ஊரறிந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். லேபிள் அடிக்க வந்த லித்தோ அச்சகங்கள் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் வளர்ந்தன. சிவகாசியின் வறண்ட காற்று இதற்கு வாய்த்தது. பல வண்ண அச்சில் ஒரே தாள் மஞ்சளுக்கு ஒருமுறை, சிவப்புக்கு ஒருமுறை, நீலத்துக்கு ஒருமுறை, கறுப்புக்கு ஒருமுறை மிஷினுக்குள் போய் வரும். இடையில் ஈரம் ஏறித் தாள் ஒரு மயிரிழை விரிந்தாலும் அடுத்த வண்ணம் தன் இடத்தில் உட்காராது. அச்சகத்தில் இதை ரிஜிஸ்டர் தப்பியது என்பார்கள். வீட்டுக்கு வந்த அட்டையில் அது உதட்டுக்கு வெளியே ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். என்னிடம் ஒரு காளை இருக்கிறது, அதன் நெற்றிப் பொட்டு நெற்றியை விட்டு விலகிக் காற்றில் நிற்கிறது. சரியாக அச்சான பத்து அட்டையைக் கொடுத்தாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். பிந்திய அட்டைகளில் புள்ளிகள் எல்லாம் அணிவகுத்து நிற்கும், அது கேமரா போட்ட புள்ளி. பழைய லித்தோ அட்டையில் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோலத் தாறுமாறாக இருக்கும். கன்னத்தில் நெருக்கம், கழுத்தில் கலைவு. ஒருவர் உட்கார்ந்து கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகக் கையால் குத்திய புள்ளிகள் அவை. ஓவியருக்காவது எங்கோ ஒரு கையெழுத்து இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

மலைக்கு வருவோம். பொங்கல் அட்டையில் சூரியன் ஏன் எப்போதும் மலைக்குப் பின்னாலிருந்து எழுகிறது? சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் நின்று பார்த்தால் மலை தெரிவது மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே மலைக்குள் சூரியன் விழும், எழாது. அப்படியானால் நாம் இத்தனை காலம் உதயம் என்று வாங்கி அனுப்பியது அந்த ஓவியர்கள் தினமும் வேலை முடித்து டீ குடிக்கப் போகும்போது பார்த்த அஸ்தமனமாக இருக்கலாம். எனக்கு இந்த எண்ணம் பிடித்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளியை ஏற்காத திராவிட இயக்கம் பொங்கலைத் தமிழர் திருநாளாகத் தூக்கிப் பிடித்தது. 1957 தேர்தலில் தி.மு.க. வேட்பாளர்களோடு உதயசூரியன் ஊருக்குள் வந்தது, இரண்டு மலை நடுவே. அதன் பிறகு வயலுக்கு மேல் சூரியன் போட்ட அட்டை வெறும் பொங்கல் அட்டை. இரண்டு மலை நடுவே சூரியன் போட்ட அட்டை, அனுப்புகிறவர் மனசைப் பொறுத்தது. கடைக்காரர் இரண்டையும் ஒரே கயிற்றில்தான் தொங்கவிட்டார்.

நம் அட்டைக்கு மூத்தது லண்டனின் கிறிஸ்துமஸ் அட்டை. 1843இல் ஹென்றி கோல் என்பவர் நண்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுத அலுத்துப்போய், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை வரையவைத்தார். மூன்று வருஷம் முன்புதான் அங்கே ஒரு பென்னிக்குத் தபால் வந்திருந்தது. அந்த அட்டையில் ஒரு குடும்பமே கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறது, குழந்தை வாயிலும் ஒயின். மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். நம் அட்டையில் அந்தத் தொல்லையே இல்லை. பொங்கல் பொங்கிக்கொண்டே இருக்கும், ஒருவர்கூட ஒரு வாய் சாப்பிட்டதாகப் படம் கிடையாது.

பின்பக்கத்தைத் திருப்பினால் அது வேறு உலகம். அட்டையின் வயதை நான் பின்பக்கத்தில்தான் கண்டுபிடிக்கிறேன். முகவரியில் பின்கோடு இல்லையென்றால் பெரும்பாலும் 1972க்கு முன்னால். 'தென்னாற்காடு மாவட்டம், வானூர் தாலுகா' என்று எழுதியிருந்தால் 1993இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால். அச்சடித்த வாழ்த்துப் பாட்டில் பானையின் 'னை'யும் காளையின் 'ளை'யும் துதிக்கை தூக்கி நின்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். இதில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. கையால் எழுத்து வரைகிறவர்கள் அரசாணை வந்த மறுநாளே துதிக்கையை வெட்டிவிடவில்லை, பல வருஷம் யானை அட்டையில் உலவியது. 'வாழ்த்துக்கள்' என்ற 'க்' சரியா என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். கரும்புத் துண்டுகளை அடுக்கி 'வாழ்த்துக்கள்' எழுதிய ஓவியருக்கு அந்த 'க்' இரண்டு கணு அதிகம் வரையக் கிடைத்த வாய்ப்பு.

உறையை ஒட்டாமல் நாக்கை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால் செலவு குறைந்த காலம் அது. அதற்காகவே பல அட்டைகளில் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதையும் மீறிச் சிலர் ஓரத்தில் பொடி எழுத்தில் திணித்திருப்பார்கள். 'மாடு கன்று போட்டது' என்று ஒன்று. 'பணம் வந்து சேர்ந்ததா' என்று ஒன்று.

பிற்காலத்து நடிகர் படங்கள் போட்ட அட்டைகளும் என்னிடம் உண்டு. ரசிக்க அதில் அதிகம் இல்லை. போட்டோவுக்குக் கீழே ஒரு பானையை வெட்டி ஒட்டினால் ஆயிற்று. ஜிகினா தூவிய அட்டைகள் மட்டும் விலக்கு. கோந்து தடவிக் கையால் தூவியது. தொட்டால் இன்றைக்கும் விரலில் ஒட்டும், இரண்டு நாள் போகாது.

ஆரோவில்லுக்குத் திரும்பும் சாலையோரக் கடைகளில் இப்போதும் வாழ்த்து அட்டை கிடைக்கிறது. கைக்காகிதத்தில் உலர்ந்த பூவை அழுத்தி ஒட்டியவை. பக்கத்தில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959இலிருந்து இருக்கிறது, அதன் தாளைத் தடவிப் பார்ப்பதே சுகம். நேர்த்தியான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூ என்னைப் பார்ப்பதில்லை. காளை பார்த்துப் பழகியவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

ரொம்ப நாளாக ஒரு கடல் அட்டை தேடினேன். இங்கே தை முதல் நாள் சூரியன் கடலிலிருந்துதான் எழும். வடக்கே மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலத் தண்ணீரை வெளியேற்றிப் பாத்திகளை மீண்டும் மிதித்துச் சரிசெய்யத் தொடங்கும் பருவம் அது. உப்பளத்தான் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் பொங்கல் பொங்கத்தான் செய்கிறது. இருநூறு அட்டையில் எல்லாரும் உழவர், எல்லா இடமும் நஞ்சை. போன மாதம் பழைய பேப்பர் கடைக்காரரே கூப்பிட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "நீங்க கேட்ட கடலு சார்." வாங்கிப் பார்த்தேன். உண்மையாகவே கடல். கட்டுமரம், பாய்விரித்த படகு, மணலில் பானை, பொங்கி முத்து முத்தாக வழியும் பால், நம்மைப் பார்த்து நிற்கும் பெண். அவளுக்குப் பின்னால் அலை, அலைக்குப் பின்னால் அடிவானம். அந்த அடிவானத்தில், நடுக்கடலில், இரண்டு மலை.