நேசமணி இப்போ எப்படி இருக்கார்?

2019 மே கடைசியில், ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு உங்க ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது இதுதான் என்றார். இன்னொருவர் வந்து, இப்போ எப்படி இருக்கார் என்று விசாரித்தார். 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலுவுக்காக ட்விட்டரே பிரார்த்தனை செய்தது.

என்னைக் கேட்டால் இந்த ஜோக்கின் ஆசிரியர் அந்த இரண்டாமவர்தான். முதலாமவர் ஒரு சினிமாக் காட்சியை ஞாபகப்படுத்தினார், அவ்வளவே. அதற்கு இவர் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்காமல் நலம் விசாரித்ததால் அடுத்து வருகிறவனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. குறையும் அங்கேயேதான் இருக்கிறது. நிஜ விசாரிப்புக்கும் இதே வார்த்தைகள்தானே!

எங்கள் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் யாருக்குத் தலைவலி என்றாலும் "நேசமணிக்குப் பக்கத்து பெட்டா?" என்போம். போன வருஷம் ஒருத்தன் "ஆஸ்பத்திரில இருக்கேன்டா" என்று எழுதினான். வழக்கம்போல அதையே கேட்டோம். "ஆமா, ஜன்னலோரம்" என்றான். ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. ஏன்டா சொல்லல என்று ஃபோனில் கத்தினேன்.

"சொன்னேனேடா. எந்த பெட்டுன்னுகூட சொன்னேன்."