பைட் பைட்டாகப் படிப்பது பாவமா?

கோப்பை ஒவ்வொரு பைட்டாகப் படித்து எழுதுவதைத்தான் ஜாவா கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுகிறார்கள். கைதேர்ந்தவர்களோ அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். பைட் அளவில் ஆராய்வதையும் பைட் அளவில் வட்டிலிருந்து எடுப்பதையும் ஒன்றாகப் பார்ப்பதால் வரும் பிணக்கு இது. முன்னது பல இடங்களில் தவிர்க்க முடியாதது, பின்னது வீண்செலவு. பிஎன்ஜி படக்கோப்பு எதுவானாலும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றே தொடங்கும். எட்டாவது பிட்டை உதிர்க்கும் வழியில் கோப்பு வந்திருந்தால் 137 மாறியிருக்கும். வரிமுடிவைத் திருத்தும் மென்பொருள் கைவைத்திருந்தால் 13, 10 குலைந்திருக்கும். இதைச் சோதிக்க ஒவ்வொரு பைட்டையும் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமின் ரீட் ஒவ்வொரு முறையும் இயங்குதளம்வரை போய்வருகிறது. 1 எம்பி கோப்புக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள். நடுவே 8,192 பைட் பஃபர் ஒன்றை வைத்தால் ஏறத்தாழ 128 போதும். நிரலின் தர்க்கத்தில் ஒரு வரிகூட மாறாது.

பஃபரோடு குறை தீர்ந்ததே என்று கேட்கலாம். வேகக்குறை தீர்ந்தது, பிழைக்கான வாசல் அடைபடவில்லை. ரீட் 0 முதல் 255 வரையான எண்ணைத் தரும். கோப்பு முடிந்தால் -1 தரும். அதனால்தான் அது இன்ட் வகையில் வருகிறது. அதை பைட் வகையில் போட்டுவைத்து ஒப்பிட்டால் 255-உம் -1 ஆகிவிடும். கோப்பு முடிந்ததாக நிரல் நம்பிவிடும். யூடிஎஃப்-8 உரையில் 255 வருவதே இல்லை. ‘அ’ என்ற எழுத்துகூட 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாகத்தான் இருக்கும். ஆகவே உரைக்கோப்பில் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஜேபெக் படத்தின் முதல் பைட்டே 255. அதை நகலெடுத்தால் வெற்றுக்கோப்புதான் மிஞ்சும், பிழைச்செய்தியும் வராது.

அப்படியானால் பைட் வரிசையாக மொத்தமாகப் படிக்கலாமே என்பது அடுத்த வாதம். அங்கும் கடைசித் தவணையில் வரிசை முழுதும் நிரம்பாது. வந்த எண்ணிக்கையைப் பாராமல் எழுதினால் பழைய பைட்டுகள் கோப்பின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வெறும் நகலெடுப்புக்கு 2011-இல் ஜாவா 7 கொண்டுவந்த ஃபைல்ஸ்.காப்பி இருக்கிறது, கையால் சுழற்சி எழுதத் தேவையில்லை. பைட்டின் மதிப்பை வைத்து நிரல் ஏதாவது முடிவெடுக்கிறதா என்பதே அளவுகோல். எடுக்குமானால் பஃபரோடு ஒவ்வொன்றாகப் படிப்பதே தெளிவான வழி. அந்த நிரலைச் சோதிக்கும் கோப்பில் 255 கட்டாயம் இருக்கவேண்டும்.