வெற்றிலைக்குள் ஒரு பத்தி

அக்கா மகள் கணினியில் வடிவமைத்து அச்சிட்ட குடும்ப ஆல்பத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நான் எத்தனை தரம் புரட்டினாலும் அலுக்கவில்லை. ஸ்கிராப்புக் பக்கங்களுக்கு வழக்கமான 12 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் திரையில் 3600-க்கு 3600. இடப்பக்கம் அவளுடைய அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற படம். வலப்பக்கம் எழுத்து. எழுத்தைச் சுற்றிக் கட்டம் இல்லை, கோடு இல்லை, பின்னால் வண்ணத்தாளும் இல்லை. ஆனாலும் முதல் பார்வைக்கு எழுத்து தெரிவதில்லை, வெற்றிலைதான் தெரிகிறது. கிட்டப் போனால்தான் அது அப்பாயியைப் பற்றிய பத்தி.

போட்டோஷாப்பில் ரெடிமேடாகக் கிடைக்கும் வடிவங்களில் இதயம் உண்டு. அவள் தேடியபோது வெற்றிலை அகப்படவில்லையாம். இதயத்தை எடுத்து, மேல்பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, கீழ்முனையை நீட்டி, இரண்டு தோள்களையும் கொஞ்சம் அகட்டியிருக்கிறாள். காதலர் தின அட்டை கும்பகோணம் வெற்றிலை ஆகிவிட்டது.

நான் சொக்கிப்போனது நுனியில். வெற்றிலைக்கு அழகே அந்தக் கூர்நுனிதான். இந்த வெற்றிலைக்கு அது இல்லை. வரிகள் குறுகிக்கொண்டே வந்து, ஒற்றைச் சொல்லாகி, கூராகப் போகிற சமயத்தில் சட்டென்று நின்றுவிடுகின்றன. கடைசி வரியில் இருப்பது ‘கிள்ளி’ என்ற ஒரே சொல். அதற்கு மேல் வரியில் ‘நுனியைக்’. பழைய ஆட்கள் காம்பையும் நுனியையும் கிள்ளாமல் வெற்றிலையை வாயில் போடமாட்டார்கள். வாக்கியம் முடியவில்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. படத்தில் அப்பாயியின் கட்டைவிரல் நகம் இலையில் எந்த இடத்தில் இருக்கிறதோ, பத்தியும் அந்த இடத்தில் நிற்கிறது.

நடுநரம்பையும் அவள் விடவில்லை. பத்தியை இரண்டு ஓரமும் சீராக இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கு நடுவில் வெள்ளை இடைவெளிகள் விழும். அவை அடுத்தடுத்த வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துவிட்டால் பத்தியைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கீற்று இறங்கும். அச்சுக்கலை தெரிந்தவர்களுக்கு அது குற்றம், கண்டதும் திருத்திவிடுவார்கள். இவள் அதை வேண்டுமென்றே வரவழைத்து, இலையின் நடுவே காம்பிலிருந்து இறக்கியிருக்கிறாள். அளவுகோல் வைத்த கோடாக இல்லை. நிஜ நரம்புபோலவே கொஞ்சம் நெளிகிறது. அது எதேச்சையா என்று கேட்டேன். சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு ராத்திரி போய்விட்டதாம்.

வடிவத்துக்குள் எழுத்தை நிரப்புவது மட்டும் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வடிவத்தை வெறும் பாதைக்கோடாக வரைந்துகொண்டு, எழுத்துக் கருவியை உள்ளே கொண்டுபோனால் கர்சரைச் சுற்றிப் புள்ளி வட்டம் வரும். கிளிக் செய்து தட்டச்சினால் எழுத்து அந்த எல்லைக்குள்ளேயே மடங்கி மடங்கி நிரம்பும். இங்கிலீஷில் சில நிமிட வேலை. தமிழ் என்றால் முதலில், இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் ‘கொ’வின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதைத் தாண்டினால் வருவது சொல் நீளம். ‘உட்கார்ந்துகொண்டிருப்பாள்’ என்பது நமக்கு ஒரே சொல். வடிவம் ஒரு வட்டம் என்றால், அதன் உச்சியில் இந்தச் சொல் நுழையுமா? நுழையாது. மென்பொருள் அதை அப்படியே கீழே, அகலமான வரிக்குத் தள்ளிவிடும். வட்டம் தலை சீவிய இளநீர் ஆகிவிடும். சொல்லை உடைக்கலாம்தான், நம் பத்திரிகைகள் இணைப்புக்கோடுகூடப் போடாமல் உடைக்கின்றன. ஆனால் ‘உட்கார்ந்துகொ’ ஒரு வரியிலும் ‘ண்டிருப்பாள்’ அடுத்த வரியிலும் வந்தால், புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் நின்று கண்ணை உறுத்தும்.

ஆக, குறுகிய இடத்துக்குக் குறுகிய சொல்தான் வழி. அதற்குத் தமிழில் பஞ்சமில்லை. பூ, தீ, கை, மை, வா, போ என்று ஓரெழுத்திலேயே பொருள் தரும் சொற்களை நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. பவணந்தி முனிவர் யாருக்காக எண்ணினாரோ, ஆல்பம் செய்கிறவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. வெற்றிலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். காம்புப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேடு. இடது மேட்டின் உச்சியில் ‘கை’. வலது மேட்டின் உச்சியில் ‘வாய்’. நடுவில் பள்ளத்தின் வெற்றிடம். அடுத்த வரி அகலமாகி, ‘இரண்டும் ஓயாது அப்பாயிக்கு’ என்று போகிறது. மடிக்கிற கை ஒரு மேடு, மெல்லுகிற வாய் ஒரு மேடு. வடிவம் கேட்ட சின்னச் சொல்லும் விஷயம் கேட்ட சொல்லும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. எனக்கு இந்தக் கலையில் பிடித்தது இதுதான். உள்ளே இருக்கும் வரிகள் எப்படிப் போனாலும் கண் கேட்காது. வடிவத்தைச் சொல்வது விளிம்பில் நிற்கும் சொற்கள். நயமும் அங்கேதான் இருக்கும், இருந்தால்.

பெரியவர்களும் இந்த விளிம்பில்தான் விளையாடியிருக்கிறார்கள். திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதனைப் பாடிய திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் எழுதிவைப்பார்கள். வெளியிலிருந்து தேர்ப் படம் ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் பாட்டை அடைத்ததல்ல. எண்ணைக் குறிக்கும் சொற்கள் 1-2-1 என்று ஏறி இறங்கும், பிறகு 1-2-3-2-1, இப்படியே ஏழு வரை. எண்களைக் கட்டத்தில் நிரப்பினால் தட்டுத்தட்டாகத் தேர் தானே அகன்றுகொண்டு வரும். சம்பந்தரும் அருணகிரியாரும்கூட இதே அமைப்பில் பாடியவர்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் இறந்த 1633-ஆம் ஆண்டிலேயே அச்சேறிய அவருடைய நூலில் சிறகு வடிவக் கவிதை ஒன்று உண்டு. பத்துப் பத்து வரியாக இரண்டு பத்தி. வரிகள் குறுகிக் குறுகி நடுவில் இரண்டே சொல்லாகி, மறுபடி விரியும். மனிதன் வறியவனாகிப் போனதைச் சொல்லும் இடத்தில் வரியும் வறுமைப்பட்டு நிற்கும். மெலிந்ததைச் சொல்லும் இடத்தில் வரியும் மெலிந்திருக்கும். முதல் பதிப்பில் அதைப் பக்கவாட்டில் அச்சடித்தார்கள். சிறகாகப் பார்க்கலாம், படிக்க வேண்டுமானால் புத்தகத்தைத் திருப்ப வேண்டும். பிரான்ஸில் அப்போலினேர் 1918-இல் வெளியிட்ட ‘கலிகிராம்’ தொகுப்பில் மழையைப் பற்றிய கவிதை, எழுத்து எழுத்தாகச் சாய்ந்து இறங்கும் ஐந்து கோடுகளாக இருக்கிறது. வேகமாகப் படிக்கவே முடியாது. துளித்துளியாகத்தான் படித்தாக வேண்டும்.

எழுத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளிம்பு பிசிறில்லாமல் வர எல்லோரும் கையாளும் சுருக்குவழி, எழுத்தைப் பொடியாக்குவது. எழுத்து சிறுத்தால் வரிகள் கூடும், வரிகள் கூடினால் வளைவு வழவழப்பாகும். 1865-இல் வந்த ஆலிஸ் கதையில் எலியின் வாலாக நெளிந்து இறங்கும் பாட்டு ஒன்று உண்டு. இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போய், வால்நுனியில் கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். எலிவாலுக்கு அது பொருத்தம். அப்பாயி படிக்க வேண்டிய பக்கத்துக்கு? அக்கா மகள் பெரிய எழுத்தே வைத்திருக்கிறாள். அதனால் இலையின் ஓரத்தில் அங்கங்கே படிக்கட்டாகத் தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும். அச்சான பிறகு அப்பாயி கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுதையும் படித்தார். படித்து முடித்து, “சுண்ணாம்பு எங்கடி?” என்று கேட்டார். பத்தியில் சுண்ணாம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இதே மென்பொருளில் எழுத்தையே வளைத்து, புடைக்க வைத்து, மீன்போலவும் கொடிபோலவும் உருமாற்றும் வசதியும் இருக்கிறது. தெருமுனை பிளெக்ஸ் பேனர்களில் தலைவர் பெயர் வயிறு புடைத்துக்கொண்டு நிற்பது இந்த வகையில்தான். அது எனக்கு ஒப்பாது. எழுத்தைக் கசக்கினால் எழுத்தும் கெடும், உருவமும் வராது. எழுத்துக்குக் கீழே நிழல் போடுவதும் அப்படியே. பக்கத்தில் ஒட்டிய ரிப்பனுக்கும் பொத்தானுக்கும் நிழல் விழலாம், அவை தாளின் மேல் உட்கார்ந்திருப்பவை. தாளில் எழுதிய எழுத்துக்கு ஏது நிழல்? வெற்றிலைப் பக்கத்தில் எழுத்துக்கு நிழல் இல்லை. நிறமும் கறுப்பு இல்லை. கொட்டாங்கச்சி நிறத்தில் ஒரு பழுப்பு. படத்தில் அப்பாயி பக்கத்தில் இருக்கும் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்த நிறமாம்.

அதே ஆல்பத்தில் கொல்லிமலைக்குப் போய்வந்த பக்கமும் இருக்கிறது. அதில் எழுத்து வடிவத்துக்குள் இல்லை, ஒரு கோட்டின் மேல் ஓடுகிறது. கோடு என்பது மலைப்பாதை. மலையில் இருப்பது 70 கொண்டை ஊசி வளைவு. பக்கத்தில் ஏழுதான் கொள்ளும். வளைந்த கோட்டில் எழுத்து ஓடும்போது உள்வளைவில் தலைகள் ஒன்றையொன்று இடிக்கும், வெளிவளைவில் அதே தலைகள் தனித்தனியே விலகும். கொக்கி மேலே ஏறிய ‘கீ’, ‘டீ’ எல்லாம் பக்கத்து எழுத்தில் போய் மாட்டும். ஆகவே திருப்பத்தில் எழுத்தே வைக்கவில்லை, வெறும் பாதை. அதற்குச் சற்று முன்னால், நேரான இடத்தில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு ‘பாம்’. பஸ் ஹாரன்.

இதில் இன்னொரு சிக்கல். கொண்டை ஊசி திரும்பிய உடனே கோடு வலமிருந்து இடமாக ஓடும். அதன் மேல் எழுத்து தலைகீழாகிவிடும். வேறு யாராவது என்றால் கோட்டை வெட்டி, எல்லா வரியையும் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். இவள் அப்படியே விட்டுவிட்டாள். நிமிர்ந்த வரிகளில் மேகம், காற்று, மிளகுக்கொடி, பலா மரம் என்று வழிநெடுகப் பார்த்ததெல்லாம். தலைகீழ் வரிகளில் முழுக்க முழுக்க சித்தப்பாவின் வயிறு படுத்திய பாடு, எலுமிச்சம்பழம், பாலிதீன் பை, “இன்னும் எத்தனை வளைவுப்பா?” எல்லாம் அங்கே. படிக்க வேண்டுமானால் ஆல்பத்தைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே மலையேற வேண்டும். நான் ஏழாவது வளைவு வரை போய்ச் சேர்ந்தேன். மூன்றாவதுக்கு மேல் சித்தப்பா படிக்க மாட்டேன் என்கிறார்.