கேலக்டிகாவில் சாவும் ரகசியமும்

2004-ல் தொடங்கி 2009-ல் முடிந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரை (1978-ல் வந்த பழசு அல்ல) இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடைசி எபிசோட் வரை எல்லாத்தையும் உடைச்சுத்தான் எழுதப்போகிறேன்.

இந்தத் தொடரில் சாவுக்குக் கணக்கு உண்டு. சைலான்கள் என்ற இயந்திர இனத்தின் தாக்குதலில் தப்பிய மனிதர்களின் எண்ணிக்கையை ஜனாதிபதி ராஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார். '33' எபிசோடின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வரும். பழைய எண்ணைத் திருத்தி 47,973 என்று எழுதுவார். ஒண்ணே ஒண்ணு கூடினதுக்கு அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி! இந்தக் கணக்கு இருப்பதால்தான் பெயர் தெரியாத பைலட் செத்தால்கூட நமக்கு உறைக்கிறது.

சைலானுக்கு அந்தக் கவலை இல்லை. செத்தால் நினைவு முழுக்க இன்னொரு உடம்புக்கு டவுன்லோட் ஆகிவிடும். பேக்கப் இருக்கிறவனுக்கு என்ன பயம்? அச்சு அசலாக மனிதர்போலவே இருக்கும் சைலான்கள் யார் யார் என்பதுதான் தொடரின் பெரிய ரகசியம். ஆக, ஒருவர் சைலான் என்று தெரிந்துவிட்டால் அவர் சாவின் எடையே மாறிப்போகும்.

பூமர் விஷயத்தில் இது பிரமாதமாக வேலை செய்தது. 2003 மினி சீரிஸின் கடைசியிலேயே அவள் சைலான் என்று நமக்குக் காட்டிவிட்டார்கள். அவளுக்குத்தான் தெரியாது. முதல் சீசன் முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்து, முடிவில் அவள் அடாமாவைச் சுடுகிறாள்.

'இறுதி ஐவர்' அப்படி இல்லை. டைட்டிலில் 'சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது' என்று போட்டுக்கொண்டே, அந்த ஐவர் யார் என்பதைத் தொடரின் நடுவில்தான் முடிவு செய்தார்கள். அதற்கான விலையை எலன் கதையில் பார்க்கலாம். கணவன் டையைக் காப்பாற்ற எதிரிக்குத் தகவல் கொடுத்த குற்றத்துக்காக, டை தன் கையாலேயே அவளுக்கு விஷம் கொடுக்கிறான். மைக்கேல் ஹோகன் அந்தக் காட்சியில் உடைந்து அழுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2009 ஜனவரியில், ஐந்தாவது ஆள் எலன்தான் என்கிறார்கள். விஷக்கோப்பை முன்தேதியிட்டு ரத்து! டை கொன்றது கொன்றதுதானே என்று வாதிடலாம்தான். ஆனால் மறுபடி பார்க்கும்போது அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கவில்லை.

வேடிக்கை என்னன்னா, அதே எபிசோடில்தான் டுவாலா சாகிறாள். தேடிவந்த பூமி கருகிக் கிடக்கிறது. லீயோடு சந்தோஷமாக ஒரு மாலை. அறைக்குத் திரும்பி, தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். பின்னால் எந்த ரகசியமும் கிடையாது, அவள் திரும்பி வரவும் இல்லை.

ஸ்டார்பக் செத்து, திரும்பி வந்து, கடைசியில் புல்வெளியில் காணாமல் போவதை மர்மம் என்கிறார்கள். எனக்கு அது மூடாமல் விட்ட டிக்கெட்.

ஆனாலும் கேலியின் சாவை அவர்கள் வீணடிக்கவில்லை. டோரி அவளை ஏர்லாக்கிலிருந்து விண்வெளியில் தள்ளியது நமக்குத் தெரியும். கணவன் டைரலுக்குத் தெரியாது, தற்கொலை என்றே நினைத்திருந்தான். கடைசி எபிசோடில், சமாதானம் கைகூடப்போகிற அந்த நிமிடத்தில், ஐவரின் நினைவுகளும் ஒன்றாகக் கலக்கின்றன. டைரல் பார்த்துவிடுகிறான். டோரியின் கழுத்தை நெரிக்கிறான். உடனே துப்பாக்கிகள் வெடிக்க ஆரம்பிக்கின்றன.