ஆண்பிள்ளைகள் கையில் நீலகேசி

"நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்ற வசவு, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற நம் பையன்களுக்குக் கூடத் தெரியும். பழையனூர் நீலி என்ற பேய் பெண்ணுருவில் வந்து பொய்யாக அழுது, கடைசியில் எழுபது வேளாளர் தீயில் இறங்கக் காரணமானாள் என்பது கதை. பெண் அழுதால் நம்பாதே என்று ஒரு பாடத்தைப் பையன் அதிலிருந்து சத்தமில்லாமல் கற்றுக்கொள்கிறான்.

அதே பழையனூர் நீலியைத் தலைவியாக்கி ஒரு சமணப் புலவர் செய்த நூல்தான் நீலகேசி. ஐஞ்சிறுகாப்பியங்களில் மற்ற நான்கிலும் அரச குமாரர்களே தலைவர்கள்; இது ஒன்றுதான் பெண்ணுக்கு உரியது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் வாமன முனிவர் உரையோடு இதைப் பதிப்பித்தார். ஆண்பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டிய நூல் இது என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். எங்கள் சமணப் பெருங்காப்பியமான சிந்தாமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலம்பகங்களுக்குப் பெண்கள் பெயர். வாசலில் பெயர்ப்பலகை அவர்களுடையது. உள்ளே நடப்பதோ சீவகன் கல்யாணம். அதைப் படிக்கிற பையன் சீவகன் தோளில் ஏறிக்கொண்டுதான் ஊர் சுற்றுகிறான். கண்ணகியை எடுத்தால், தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கும்பிட்டவளோடு யார் வாதாடப் போகிறார்கள்? மணிமேகலை கூட வஞ்சியில் சமயவாதிகளிடம் கேட்கப் போகும்போது ஆண் தவசி வடிவம் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

நீலிக்கு அந்த வேஷம் தேவைப்படவில்லை. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திர முனிவரை விரட்டத்தான் அவள் வந்தாள். பயமுறுத்திப் பார்த்தாள், மயக்கிப் பார்த்தாள். இரண்டும் பலிக்காமல் அவரிடமே அறம் கேட்டாள். பிறகு குண்டலகேசியை வாதில் வென்றாள். அவளுடைய குரு அருக்கசந்திரன், அவருக்கு மேல் மொக்கலர், அவருக்கும் மேல் புத்தர் என்று ஒரு பெண் படியேறிப் போய்க் கேள்வி கேட்கிறாள். அந்த வாதத்தைத் தொடர வேண்டுமானால் பையன் அவள் மூளையைக் கடன் வாங்கித்தான் யோசிக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அவள் அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் நகராது.

புலால் பற்றிய வாதத்தைப் பாருங்கள். நான் கொல்லவில்லை, விற்றதை வாங்கித் தின்றேன், எனக்கேது பாவம் என்கிறது எதிர்க்கட்சி. தின்கிறவனுக்காகத்தானே கொலை என்கிறாள் நீலி. வியாபாரிக்கு இது சட்டென்று புரியும்; வாங்க ஆள் இல்லாவிட்டால் எவன் கடை திறப்பான்?

நூலில் குறை இல்லாமல் இல்லை. எதிராளிகள் எல்லோரும் தோற்பதற்கென்றே வருகிறார்கள். புத்தர் வாயில் புலவர் வைத்திருக்கும் பதில்கள் அவருக்கு நியாயம் செய்வதாக எனக்குப் படவில்லை. பக்கத்தில் மணிமேகலையையும் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, எங்களுக்கே சங்கடமானது. பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்பது எங்கள் திகம்பரக் கொள்கை. அந்த மரபில் வந்த புலவர் அறம் உரைக்கும் பொறுப்பைப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். "இவ்வளவு பேரை ஜெயித்தவளுக்கு ஏன் தாத்தா மோட்சம் இல்லை?" என்று பேரன் கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். அந்தக் கேள்வி அவனுக்குள் எழுவதற்காகவே இதைப் படிக்கக் கொடுக்கலாம்.

செய்யுள் கடினம்தான். சாங்கியம், வைசேடிகம் வரும் சருக்கங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முனிவரைப் பேய் பயமுறுத்தும் முதல் சருக்கத்தை வீட்டில் அம்மாவோ அப்பாவோ கதையாகச் சொல்லி, குண்டலகேசி வாதத்துக்குப் போகலாம். கடைசிச் சருக்கத்தை விட்டுவிட வேண்டாம். உயிர் என்று ஒன்று இல்லை, பேயும் இல்லை என்று சாதிக்கும் பூதவாதிக்கு எதிரே நீலி தன் பழைய பேயுருவத்தைக் காட்டி நிற்பாள். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.