டொரிட்டோஸின் சுண்ணாம்பு மணம்

டொரிட்டோஸ் பொட்டலத்தைப் பிரித்ததும் முந்திக்கொண்டு வருவது சீஸ் வாசம்தான். ஆனால் அதன் உயிர் அடியிலுள்ள மக்காச்சோளத்தில் இருக்கிறது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பது மெக்சிகோவின் பூர்வகுடிகள் கண்ட பக்குவம். தோல் கழன்று, மாவு ஒட்டும் பதத்துக்கு வருவதும், மழை நனைத்த மண்போல ஒரு மணம் ஏறுவதும் சுண்ணாம்பின் கொடை. என்ன அருமையான கண்டுபிடிப்பு!

தட்டிய முக்கோணங்களை முதலில் சுட்டு, பிறகே பொரிக்கிறார்கள். எண்ணெய் அதிகம் குடிக்காத அந்த மொறுமொறுப்பு அதனால்தான்.

டொரிட்டோஸ் 1966இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. நாச்சோ சீஸ் சுவை சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. என் ஓட்டு அதற்கே. உப்பு, புளிப்பு, பூண்டு, தக்காளி எல்லாம் கலந்து, எதுவும் தனித்துத் தெரியாமல், நாக்கு தேடிக்கொண்டிருக்கும்போதே கை அடுத்த வில்லையை எடுத்துவிடுகிறது.